தாளில் இருப்பது மட்டும்

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மேடம் தன் வாயைக் கையால் மூடிக்கொள்வார். வலது கை. நாலு விரலும் உதட்டின் மேல் இருக்கும். நான் தப்பான எழுத்தை அடித்தால் கண் பெரிதாகும். வாய் திறக்காது.

“நான் பேசினா எல்லாம் வீணாப் போயிடும். என் வாய் பிளாப்பியோட கூடப் போகாது. தாள்தான் போகும்” என்பார்.

அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதில்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆபீஸ் தி. நகரில் இருந்தது. பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாத்திரக்கடைக்கு மேல் மாடி. இரண்டு அறை, ஏழு பேர். தொண்ணூறுகளின் நடுவில். முதுகு போனதால் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு நான் அங்கே பியூனாகச் சேர்ந்தேன். பெருக்குவேன், காபி வாங்கி வருவேன், பேங்குக்கும் தபாலுக்கும் போவேன். அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மேடம் என்னைவிடச் சின்னவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. பஸ்ஸில் வருவார். பென்சிலை நூலில் கட்டி ஸ்கூல் பிள்ளை மாதிரி கழுத்தில் மாட்டியிருப்பார்.

அவர் எழுதியது முழு புரோகிராம் இல்லை. வேறு ஆட்கள் சி மொழியில் எழுதும் புரோகிராமோடு சேர்த்துக்கொள்வதற்கான ஒரு பகுதி. ஆபீஸில் அதை லைப்ரரி என்பார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. அகரம் முன்னால், ககரம் பின்னால் என்று தெரியாது. வரி முடிகிற இடத்தில் கொம்பை இந்த வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் போட்டுவிடும். இதையெல்லாம் சரியாகச் செய்வது மேடத்தின் லைப்ரரி. அச்சகக்காரர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் எல்லாரும் போன் செய்தார்கள்.

“சேர மாட்டேங்குது.”

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த லைப்ரரியில் இரண்டு சாமான் உண்டு. ஒன்று பெயர்ப் பட்டியல். இன்னொன்று வேலை செய்கிற சரக்கு. இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். பட்டியலை மட்டும் வைத்தால் கம்ப்யூட்டர் முதலில் ஒன்றும் சொல்லாது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும்போதுதான் கத்தும். கல்யாணப் பத்திரிகையில் மேளக்காரர் பெயர் இருக்கிறது, முகூர்த்தத்துக்கு ஆள் வரவில்லை என்கிற மாதிரி.

போன் தொல்லை தாங்காமல் மேடம் ஒரு தாள் எழுதினார். எப்படி ஏற்றுவது, எப்படிக் கோப்பது. பிளாப்பியோடு அதுவும் போகும். ஆபீஸில் வேலை செய்கிற பையன்களை உட்கார வைத்து, தாளைப் பார்த்துச் செய்யச் சொன்னார். செய்தார்கள். ஒரு தப்பும் இல்லை. பிளாப்பி வெளியே போனது. மறுபடி போன் வந்தது.

மேடம் அன்றைக்கு முழுக்கத் தாளையே படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் டம்ளர் எடுக்கப் போனபோது கூப்பிட்டார்.

“இவாளுக்கெல்லாம் தெரியும். தெரிஞ்சவா தாளைப் படிக்க மாட்டா, தெரிஞ்சதைப் படிப்பா. நீங்க வாங்கோ. இப்படி உக்காருங்கோ.”

“எனக்கு இங்கிலீஷு வராது மேடம்.”

“எழுத்து தெரியுமோல்லியோ?”

“பஸ் போர்டு படிப்பேன்.”

“போறும்.”

தாள் தமிழில் இருந்தது. அடிக்க வேண்டியதை மட்டும் இங்கிலீஷில் பெரிய எழுத்தாக வரைந்திருந்தார். நான் அஞ்சாவது வரை படித்தவன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

முதல் நாள் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். பிளாப்பியைப் போடவும் என்று இருந்தது. போட்டேன். அதற்கு மேல் ஒரு கொண்டி இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டும் என்று தாளில் இல்லை. பெட்டி கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். மேடம் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

“இன்னா மேடம் பண்ணணும்?”

தாளை விரலால் காட்டினார்.

“தாள்ல அவ்ளோதான் கீது.”

அவர் பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தப்பு செய்து ஒருவர் சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள் நாலாவது வரியை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிஷம் ஆனது. பின்னால் அவரும் பத்து நிமிஷம் நின்றார். கடைசியில் அவரே தாங்காமல் கையை எடுத்தார்.

“ஏன் சும்மா இருக்கேள்?”

“பதில் வரட்டும்னுதான்.”

“இந்த யூனிக்ஸ் மெஷின் அப்படித்தான். ஒண்ணும் சொல்லலைன்னா நடந்துடுத்துன்னு அர்த்தம்.”

“அத்த எழுதலியே.”

எழுதினார். ‘திரையில் ஒன்றும் வராவிட்டால் சரியாக நடந்தது என்று பொருள். அடுத்த வரிக்குப் போகவும்.’

கடைசி வரி வரை போய்விட்டால் பிரிண்டர் ஓடும். சோதனைக்காக அஞ்சு காய்கறிப் பெயரைக் கலைத்துப் போட்டு வைத்திருப்பார். அவரை, கத்தரி, சுரை, பாகல், வெண்டை என்று அகர வரிசையில் அடித்து வந்தால் லைப்ரரி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் கொடுப்பார். நான் வீட்டுக்கு எடுத்துப் போவேன். என் வீட்டுக்காரி அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவாள்.

பையன்கள் கிண்டல் செய்தார்கள். “மச்சி, சீஃப் இன்ஜினீயர் வந்துட்டாரு, எந்திரி” என்பான் ஒருவன். இன்னொருவன் நேராகவே கேட்டான்.

“மேடம், பியூன வெச்சு டெஸ்ட் பண்றது எந்த புஸ்தகத்துல இருக்கு?”

“அவர் மாட்டிண்டா நான் மாட்டிண்டேன்னு அர்த்தம். நீ மாட்டிக்கவே மாட்டேங்கறயே, உன்னை வெச்சுண்டு நான் என்ன பண்றது?”

அந்த நாற்காலியில் இருக்கும் அரை மணி நேரம் என்னை யாரும் காபிக்கு அனுப்ப முடியாது. முதலாளியே கூப்பிட்டாலும் மேடம் விடமாட்டார். “அவர் வேலையா இருக்கார்” என்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

ஆபீஸில் மட்டும் இல்லை, வெளியிலும் அவர் அப்படித்தான். ஒரு சாயந்திரம் பேங்க் வேலையாக அவரோடு போனேன். பனகல் பார்க் முனையில் வெளியூர்க்காரர் ஒருவர் ஏதோ ஜவுளிக்கடைக்கு வழி கேட்டார். மேடம் வாயால் சொல்லவில்லை. பையிலிருந்து காகிதம் எடுத்து வழியை எழுதிக் கொடுத்தார். அந்த ஆள் நடந்தார். மேடம் அவர் பின்னாலேயே நடந்தார். நானும் போனேன். அந்த ஆள் ஒரு திருப்பத்தில் நின்று காகிதத்தைப் பார்த்தார். மேடமும் நின்றார். கை வாய்க்குப் போனது. அந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். மேடமும் வேகமாக நடந்தார். கடைசியில் அவர் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கேட்டுவிட்டார்.

“ஏம்மா, எதுக்கு என் பின்னாடியே வர்றீங்க?”

“ஒண்ணுமில்லை. அந்தத் திருப்பத்துல ஏன் நின்னேள்?”

“ரெண்டு சந்து இருந்துச்சு. எதுன்னு தெரியல.”

“அதான். ஒரு சந்துன்னு எழுதிட்டேன்” என்றார் மேடம். காகிதத்தை வாங்கித் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“எங்காத்துலயும் என்னைப் பாத்தா எல்லாரும் ஓடுவா” என்று திரும்பி வரும்போது சொன்னார். சிரிக்கவில்லை.

லைப்ரரி அவ்வளவாக விற்கவில்லை. அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பும் வேலைக்கு மாறலாம் என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பினாங்கிலிருந்து ஒரு தமிழ் அச்சகம் கேட்டது. பெரிய அச்சகம். அவர்களுடைய புரோகிராமோடு இது சேர்ந்தால் அஞ்சு மெஷினுக்கு வாங்குவதாக எழுதியிருந்தார்கள். திங்கள்கிழமை ஏற்றிப் பார்ப்போம், மாட்டிக்கொண்டால் அன்றைக்குள் போன் செய்வோம், ஓடாவிட்டால் செவ்வாய்க்கிழமை வேறு ஆளைப் பார்ப்போம் என்றும் எழுதியிருந்தார்கள்.

முதலாளி மேடத்தைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

“இதோட பாருங்கம்மா. திங்கக்கிழமை அங்கேர்ந்து போன் வந்துச்சுன்னா தமிழ மூட்ட கட்டிருவோம். நீங்களும் அந்த அமெரிக்கா வேலைக்கு வந்துருங்க.”

“சரி” என்றார் மேடம். ஆறு வருஷமாக அவர் செய்த வேலை அது.

“இன்னொண்ணு. உங்க தாளு மூணு பக்கம். அதப் பாத்தா அவன் பிளாப்பியையே திருப்பி அனுப்பிருவான். ஒரு பக்கமா பண்ணுங்க.”

மேடம் சுருக்கினார். இரண்டு நாள் சுருக்கினார். புதன்கிழமை நான் உட்கார்ந்தேன். எங்கும் நிற்கவில்லை. காய்கறி வரிசையாக வந்தது. மேடம் வாயிலிருந்து கையை எடுத்து, “முதல் தடவையா ஒண்ணுமே எழுதிக்கலை” என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் பிளாப்பியும் தாளும் போட்ட கவரை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். சாயந்திரம் நாலு மணி வண்டியில் போனால்தான் திங்களுக்குப் போய்ச் சேரும். வெளிநாட்டு பார்சல் என்பதால் பிரித்துப் பார்ப்பார்கள், அதனால் கவரை ஒட்டவில்லை. கூரியர் கடையில் ஆள் சாப்பிடப் போயிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்தேன். சும்மா இருக்கிறோமே என்று தாளை எடுத்துப் படித்தேன்.

ஆறாவது வரிக்கு வந்தேன். ‘உங்கள் புரோகிராமின் பெயரையும் லைப்ரரியின் பெயரையும் ஒரே வரியில் அடிக்கவும்.’

நேற்று அந்த வரியை அடித்தேன். புரோகிராமின் பெயரை முன்னால் அடித்தேன், லைப்ரரியின் பெயரைக் கடைசியில் அடித்தேன். இந்தத் தாளில் முன்னால் எது, பின்னால் எது என்று இல்லை. பழைய மூணு பக்கத்தில் இருந்தது. என் கை அதிலிருந்து அடித்திருக்கிறது. நான் இந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

மேடம் பின்னால் நின்று திரையைத்தான் பார்ப்பார். என் கண் தாளில் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். அதனால் அவருக்கும் தெரியவில்லை.

கூரியர் ஆள் வந்தான். “குடு நைனா” என்று கை நீட்டினான்.

கொடுத்துவிட்டால் முடிந்தது. பினாங்கில் ஒருவன் ஒருவேளை சரியாகவே அடிப்பான். அடிக்காமல் போனாலும் பியூனை யார் கேட்கப் போகிறார்கள். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும். தாளைப் பார்க்காமல் அடிக்கிறவன் அதில் உட்கார முடியாது. இதை எழுதுகிற நேரம்கூட ஆகவில்லை அன்றைக்கு யோசித்தது.

“இரு, வரேன்” என்று சொல்லிவிட்டுக் கவரோடு திரும்பி நடந்தேன்.

முதலாளி என்னையும் கவரையும் பார்த்தார். “என்னய்யா, கடையப் பூட்டிட்டானா?”

நான் மேடத்தின் மேஜைக்குப் போனேன்.

“மேடம், நேத்து நான் தாளப் பாக்கல.”

“எங்கே?”

“ஆறாவதுல. கையி தானா அட்ச்சிட்டுது. எது முன்னாடின்னு இதுல இல்ல.”

அவர் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

“உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். யாரோ போய்ச் சேர்ந்த மாதிரி சொன்னார். “மணி என்ன?”

“ஒண்ணே முக்கா.”

“தெரியாதவா யாராவது வேணும். இப்பவே.”

“ஒரு வரிதானம்மா, சேத்து எழுதி அனுப்புங்க” என்றார் முதலாளி.

“ஒண்ணு விட்டிருக்கேன்னா இன்னும் எத்தனை விட்டிருக்கேனோ. எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே, அதான் கஷ்டம்.”

கீழே பாத்திரக்கடையில் கேட்டேன். தராசுக்காரர் கும்பிட்டார். “ஷாக் அடிக்கும்பா, புள்ளகுட்டிக்காரன்” என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரி அதே தெருவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அந்த நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவாள். போய்க் கூப்பிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தாள். எட்டாவது வரை படித்தவள். அதை வந்ததும் சொல்லிவிட்டாள்.

“நான் எட்டாவதும்மா. இவரு அஞ்சாவது. ஒடஞ்சா என்னிய கேக்கக் கூடாது, சொல்ட்டேன்.”

“ஒடையாது. தாள்ல என்ன போட்டிருக்கோ அதை மட்டும் பண்ணுங்கோ. என்னைக் கேக்காதேங்கோ. நான் பேச மாட்டேன்” என்றார் மேடம். வாயை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்து என் வாயையும் காட்டினார். நானும் மூடிக்கொண்டேன். ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். முதலாளியும் நின்றார்.

என் வீட்டுக்காரி தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே அடித்தாள். கொண்டியைத் திருப்பினாள். நாலாவது வரியில் நிறுத்தினாள்.

“ஒண்ணியும் காணமே.” தாளைப் பார்த்தாள். “ஓ, ஒண்ணும் வரலன்னா சரியா. அத்தயும் எழுதிக்கீறீங்க.”

ஆறாவது வரி. ஒரு விரலால் தேடித் தேடி லைப்ரரியின் பெயரை முதலில் அடித்தாள். அதற்குப் பின்னால் புரோகிராமின் பெயர். கடைசிப் பட்டனை அழுத்தினாள்.

திரை நிறைய இங்கிலீஷ் வந்து கொட்டியது. இல்லை, இல்லை, இல்லை என்று வரிக்கு வரி.

“இன்னாய்யா இது, இப்டி கத்துது?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மேடம் கையை எடுத்தார். “லைப்ரரியை ஏன் முன்னாடி போட்டேள்?”

“புதுசா வூட்டுக்கு வர்றவங்கள முன்னாடிதான உக்கார வெப்போம்? இது புதுசுதான? தப்பாம்மா?”

“இல்லை. தப்பு என்னோடது.” பென்சிலை எடுத்தார். எழுதிக்கொண்டே சொன்னார். “இந்த மெஷின் இடதுலேர்ந்து வலது பக்கமாப் போகும். முதல்ல கேக்கறவா வரணும், அப்புறம் குடுக்கறவா. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி குடுத்தா எடுத்துக்காது, தாண்டிப் போயிடும். அப்புறம் கேட்டா இல்லைன்னு கத்தும்.”

“கேக்கற வரிக்கும் வாங்க மாட்டாரா? எங்க வூட்லயும் அப்டி ஒர்த்தர் கீறாரு” என்றாள் என் வீட்டுக்காரி.

பையன்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்கும்போதும் கை வாய்க்குப் போனது.

வேறு எங்கும் அவள் நிற்கவில்லை. திருத்திய தாளை அச்செடுத்து மறுபடி முதலிலிருந்து செய்யவைத்தார். காய்கறி வந்தது. “வெண்டக்கா கடசியிலயா?” என்று கேட்டுவிட்டு மீதிச் சாப்பாட்டுக்குக் கீழே போனாள். நான் கவரோடு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முதுகுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருந்தது.

திரும்பி வந்ததும் மேடம் கூப்பிட்டார்.

“இனிமே நீங்க உக்கார வேண்டாம்.”

“சரி மேடம்.”

“கோவமா?”

“இல்ல மேடம்.”

“நீங்க கவரோட திரும்பி வந்தேளே. அது தாள்ல இல்லை” என்றார். நான் காபி வாங்கப் போனேன்.

திங்கள்கிழமை மேடம் எட்டரைக்கே வந்துவிட்டார். போன் முதலாளி மேஜையில் இருந்தது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலை ஒன்றும் செய்யவில்லை. பதினொரு மணிக்குப் போன் அடித்தது. முதலாளி எடுத்தார். பாத்திரக்கடைக்கு வர வேண்டியது. மூணு மணிக்கு ஒரு தடவை அடித்தது. முதலாளியின் சம்சாரம். மேடத்தின் கை வாயைவிட்டு இறங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் இல்லை.

நமக்கு அஞ்சரை என்றால் அங்கே எட்டு. அஞ்சரை ஆனது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். பையன்களும் போனார்கள். ஜன்னலைச் சாத்த நான் மட்டும் இருந்தேன்.

“ஒண்ணும் சொல்லல மேடம்” என்றேன்.

“ஒண்ணும் சொல்லலை” என்றார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது பேக்ஸ் மெஷினில் ஒரு தாள் வந்தது. முதலாளி எடுத்துப் பார்த்து, “என்னய்யா இது, கறிகா லிஸ்டு?” என்றார். மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கடிதமும் இல்லை. தமிழில் ஆறு வரி மட்டும்.

அவரை. கத்தரி. சுரை. டுரியான். பாகல். வெண்டை.

நாம் அனுப்பியது அஞ்சு. ஒன்றை அவர்களே போட்டிருக்கிறார்கள்.

“டுரியான்னா இன்னா மேடம்?”

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

“தெரியலை” என்றார். “ஆனா சரியான எடத்துல உக்காந்திருக்கு.”